கொள்கையில் பிரிந்தவர்கள் நண்பர்களாக நீடிக்க முடியுமா? அமெரிக்க அரசியலிலிருந்து ஒரு கேள்வி

சாட்ஸ்வர்த் வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், எங்கள் சாட்ஸ்வர்த் கோயில் மண்டபத்தில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில், அமெரிக்கத் தலைவர்களிடையே நிலவிய நட்பைப் பற்றி அடுத்த முறை நான் பேச வேண்டும். இத்தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அதற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளாகத் தைப்பூசத்துக்கு என் காவடிக்குச் சாமந்திப்பூ கட்டிக்கொடுத்த நண்பர், 2021 உள்ளாட்சித் தேர்தலில் நாங்கள் வெவ்வேறு கட்சிகளுக்கு வேலை செய்த பிறகு என்னோடு பேசுவதில்லை. கொள்கைக்காக நட்பை விடுவது சரியா, நட்புக்காகக் கொள்கையை அடக்கி வாசிப்பது சரியா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. சுதந்திரம், சமத்துவம் என்று முழங்கிப் பிறந்த அந்த நாட்டின் தலைவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்?

பீனிக்ஸ் ஆசிரியை:

ஐயா, ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரிலிருந்தே தொடங்குங்கள். 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தை உருவாக்கிய குழுவில் இருவரும் இருந்தார்கள். 1800ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில், அப்போது அதிபராக இருந்த ஆடம்ஸும் ஜெஃபர்சனும் எதிரெதிராக நின்றார்கள். தோற்ற ஆடம்ஸ், ஜெஃபர்சன் பதவியேற்ற 1801 மார்ச் 4 அன்று விழாவுக்கு நிற்காமல் விடியும் முன்பே தலைநகரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். இருவருக்கும் பொது நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் விடாமல் எடுத்த முயற்சியால், 1812 புத்தாண்டு நாளில் ஆடம்ஸ் மீண்டும் கடிதம் எழுதினார். ஒருவருக்கொருவர் தம்மை விளக்கிச் சொல்லிவிடாமல் நாம் இறந்துபோகக் கூடாது என்று அடுத்த ஆண்டு அவர் எழுதியதை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒத்துப்போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, விளக்கிக்கொள்ள வேண்டும் என்றே கேட்டார். பதினான்கு ஆண்டுகள் எழுதிக்கொண்டார்கள். பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளான 1826 ஜூலை 4 அன்று இருவரும் காலமானார்கள்.

மாரிட்ஸ்பர்க் பேரன்:

அக்கா சொன்ன கடிதங்களை நானும் மதிக்கிறேன். ஆனால் அவற்றில் ஒன்று என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. அடிமைமுறை அரை நூற்றாண்டாகக் கருமேகம்போல நாட்டின்மேல் தொங்குவதைக் கண்டு வருவதாக 1821இல் ஜெஃபர்சனுக்கு எழுதிய ஆடம்ஸ், அந்த விஷயத்தைத் தென்மாநிலத்தவர்களிடமே விட்டுவிடுவதாகத் தாம் முன்பெல்லாம் சொல்லிவந்ததையும் அதே கடிதத்தில் குறிப்பிடுகிறார். ஆடம்ஸ் ஒருபோதும் அடிமைகளை வைத்திருக்காதவர். ஜெஃபர்சனோ நூற்றுக்கணக்கானோரை வைத்திருந்தவர். அந்த நட்பு அமைதியாக நீடித்ததற்கு, பேசாமல் விடப்பட்ட மனிதர்கள்தாம் விலை கொடுத்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவரின் கொள்ளுப்பேரன் நான். ஒப்பந்தமும் அடிமைத்தனமும் ஒன்றல்ல என்பதை அறிவேன். என்றாலும், பெரிய மனிதர்கள் இருவர் தங்களுக்குள் மரியாதையாக விட்டுக்கொடுத்துக்கொள்ளும்போது, அங்கே விட்டுக்கொடுக்கப்படுவது யாருடைய வாழ்வு என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.

ஆகவே, ஐயா, ஆபிரகாம் லிங்கனும் ஜோஷுவா ஸ்பீடும் உங்கள் பேச்சின் நடுவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. 1837இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்கு வந்த லிங்கன், ஸ்பீடின் கடையில் படுக்கைச் சாமான்களுக்கு விலை கேட்டார். பதினேழு டாலர் என்றதும் கையில் அவ்வளவு இல்லை என்றார். கடைக்கு மேலே உள்ள தம் அறையில் பெரிய கட்டில் இருக்கிறது, பகிர்ந்துகொள்ளலாம் என்றார் ஸ்பீடு. லிங்கன் தம் பைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். கீழே வந்தபோது குடிவந்தாயிற்று என்றார். ஸ்பீடு கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. 1841இல் இருவரும் சேர்ந்து சென்ற நீராவிப் படகில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட பன்னிரண்டு அடிமைகள் இருந்தார்கள். தூண்டில் கயிற்றில் கோத்த மீன்கள்போல இருந்தார்கள் என்று ஸ்பீடின் சகோதரிக்கு அப்போது எழுதிய லிங்கன், அவர்கள் மகிழ்ச்சியாகவே காணப்பட்டார்கள் என்றும் சேர்த்திருந்தார். அதே காட்சியை 1855 ஆகஸ்டில் ஸ்பீடுக்கு நினைவூட்டும்போது, அது தமக்கு ஓயாத வேதனையாக இருந்துவருகிறது என்கிறார். அடிமைகள்மீதான சட்ட உரிமையை விட்டுக்கொடுப்பதைவிட நாடு பிளவுபடுவதே மேல் என்று ஸ்பீடு சொன்னதற்கு, அந்த உரிமையை விடச்சொல்லித் தாம் கேட்கவில்லை என்கிறார்; ஆனால் அடிமைமுறை பரவுவதைத் தாம் எதிர்ப்பதை மழுப்பாமல் சொல்கிறார். இவ்விஷயத்தில் உம்மைவிட உம் மனைவியின் அனுதாபமே எனக்கு அதிகம் உண்டு என்று எழுதிவிட்டு, ஆயினும் நான் என்றென்றும் உம் நண்பன் என்று கையெழுத்திடுகிறார். அடிமைமுறையை விடாத தென்மாநிலங்கள் பிரிந்து உள்நாட்டுப் போர் வந்தபோது, கென்டக்கி பிரிந்துபோகாமல் காக்க ஸ்பீடு லிங்கனின் பக்கம் நின்று உழைத்தார்.

டோங்காட் அண்ணன்:

தம்பி சொன்னதோடு நம் நாட்டைத் தொட்ட ஒன்றையும் சேர்க்கிறேன். 1986இல் நிறவெறி அரசுக்கு எதிரான பொருளாதாரத் தடைச் சட்டத்தை அதிபர் ரீகன் தம் மறுப்பதிகாரத்தால் நிறுத்தினார். அவருடைய கட்சியைச் சேர்ந்தவரும் அவருடைய ஆதரவாளருமான செனட்டர் ரிச்சர்ட் லூகர்தான் அந்த மறுப்பை முறியடிக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கினார். செனட்டில் 78க்கு 21 என்று வென்றது. அதன் பிறகும் அவர் அதே கட்சியில், அதே அவையில் பல ஆண்டுகள் பணியாற்றினார். இது நட்புக் கதை அல்ல, கட்சி விசுவாசத்தின் கதை என்று நீங்கள் சொல்லலாம். அந்தத் தடைகளுக்காக இங்கே காத்திருந்தவன் என்ற முறையில் எனக்கு அது போதுமானது.

சாட்ஸ்வர்த் வாசகர்:

மூவருக்கும் நன்றி. 1855ஆம் ஆண்டுக் கடிதத்தை முழுவதும் தமிழாக்கி வட்டத்தில் வாசிக்கப்போகிறேன். நேற்றிரவு அதைப் படிக்கும்போது ஒன்று உறைத்தது: என் நண்பரின் கட்சியைப் பற்றி நான் மேடையில் பேசியிருக்கிறேன், தெருமுனையில் பேசியிருக்கிறேன், அவருடைய மைத்துனரிடம்கூடப் பேசியிருக்கிறேன். அவரிடம் நேராக ஒரு வரிகூடச் சொன்னதில்லை.