காலுக்கு ஒரு வயது, கண்ணுக்கு ஒரு வயது

குழு: குடும்ப மேடன் லீக் (மேடன்: அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேம்)
வெள்ளிக்கிழமை இரவு

நான் · 9:04
நாலாவது சீசன் முடிந்தது. ஐந்தாவதைத் திறக்கும் முன் ஒரு விஷயம் பேசியாக வேண்டும். இப்போதுதான் எல்லா அணிகளின் பட்டியலையும் பார்த்தேன். லீக் தொடங்கியபோது என் அணியில் 90க்கு மேல் ரேட்டிங் (99-க்கு எவ்வளவு திறமை என்கிற மதிப்பெண்) உள்ளவர்கள் 3 பேர். இன்று 14 பேர். அக்கா அணியும் அப்படித்தான், ஹூஸ்டன் அண்ணன் அணியும் அப்படித்தான்.

ஹூஸ்டன் அண்ணன் · 9:06
நல்லதுதானே தம்பி? நாலு சீசன் உழைத்திருக்கிறோம்.

நான் · 9:09
எல்லாரும் 95 என்றால் 95க்கு என்ன மதிப்பு அண்ணா? மேடனில் 99 வாங்கியவனைக் கொண்டாடுகிறார்கள் என்றால், வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்பதால்தான். தப்பு நம் லீக்கில். சீக்கிரம் வளரட்டும் என்று முதல் நாளே எக்ஸ்பி அளவை, அதாவது ஆடிச் சேர்க்கும் அனுபவப் புள்ளிகளை, ஏற்றி வைத்தவர்கள் நாம்தான்.

சின்னவன் · 9:10
அண்ணா, என் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவன்) மேல் கை வைக்கப் போகிறீர்களா?

நான் · 9:10
அவனுக்கு வயது என்ன?

சின்னவன் · 9:11
31

நான் · 9:11
ஸ்பீடு?

சின்னவன் · 9:12
96. ஆனால் சும்மா வரவில்லை அண்ணா. போன சீசனில் 2,300 யார்டு ஓடினான். ஒவ்வோர் ஆட்டத்திலும் முப்பது தடவை பந்தை அவனிடம்தான் கொடுத்தேன். அந்த எக்ஸ்பியைச் சேர்த்து வைத்து ஏற்றினேன்.

நான் · 9:15
அதைத்தான் சொல்கிறேன். முப்பது தடவை பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு 130 கிலோ ஆட்கள் மேல் போய் மோதியவனுக்கு, அடுத்த வருடம் கால் வேகம் கூடுமா குறையுமா? நம் லீக்கில் கூடுகிறது. ஏக்கருக்கு இவ்வளவு கூலி என்கிற மாதிரி, யார்டுக்கு இவ்வளவு ரேட்டிங் என்று கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ரேட்டிங் கூலி இல்லை. இன்றைக்கு அந்த ஆளால் என்ன முடியும் என்பதுதான் ரேட்டிங்.

டல்லாஸ் மாமா · 9:21
மாப்பிள்ளை சொல்வது சரி. டல்லாஸ் ரன்னிங் பேக் எமிட் ஸ்மித்தை நான் கண்ணால் பார்த்தவன். 2002 அக்டோபர் 27, இர்விங்கில் பழைய டெக்சஸ் ஸ்டேடியம். கூரையில் ஓட்டை இருக்குமே, அந்த ஸ்டேடியம். வால்டர் பேட்டன் தன் ஆட்ட வாழ்க்கை முழுதும் ஓடிச் சேர்த்த 16,726 யார்டு சாதனையை அன்றைக்கு முறியடித்தார். நாலாவது கால் பகுதியில் ஓர் ஓட்டம், 11 யார்டு. நடுவில் தடுமாறி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, விழாமல் போனார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அழுதுவிட்டார்.

டல்லாஸ் மாமா · 9:23
ஆனால் அன்றைக்கே தெரிந்தது. எதிரணிக்கு நடுவில் திறந்த அந்த இடைவெளி தொண்ணூறுகளில் கிடைத்திருந்தால் மனிதர் எங்கேயோ போயிருப்பார். 1991 முதல் 2001 வரை பதினோரு வருடம் விடாமல் ஆயிரம் யார்டு தாண்டியவர், அந்த வருடம் 975-இல் நின்றார். அடுத்த வருடம் அரிசோனாவில் வெறும் 256. கடைசி வருடம் 2004-இல் 937. அவர் முதல் வருடம் 1990-இல் ஓடியதும் 937தான்.

சின்னவன் · 9:24
அதே எண்ணா அப்பா?

டல்லாஸ் மாமா · 9:25
அதே எண். ஆனால் அதே ஓட்டம் இல்லை. 21 வயதில் காலால் ஓடினார். 35 வயதில் கண்ணால் ஓடினார். எந்த இடைவெளி திறக்கும், எது மூடும் என்று முன்கூட்டியே தெரியும். அதை வைத்து ஓட்டினார்.

நான் · 9:28
மாமா, நான் சொல்ல நினைத்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஓவரால் என்று மொத்தமாக ஓர் எண்ணைப் பார்த்து ஏமாறுகிறோம். அதற்குள் இரண்டு விதம் இருக்கிறது. ஸ்பீடு, ஆக்ஸிலரேஷன், அஜிலிட்டி, ஜம்ப்பிங் எல்லாம் உடம்பு. அவேர்னெஸ், பிளே ரெகக்னிஷன், பந்தோடு ஓடுபவனுக்கான பார்வை, ரூட் ரன்னிங், இதெல்லாம் படிப்பு. 22 வயதில் டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்களை எடுக்கும் தேர்வில், வரும்போது வேகம் அநேகமாக உச்சத்தில்தான் இருக்கும், அதற்கு மேல் கூட்ட ஒன்றுமில்லை. படிப்பு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்பியில் ஏற்றுவதுதான் கோளாறு.

எடிசன் அக்கா · 9:33
பந்தை வீசுகிற குவார்ட்டர்பேக்குக்கு இதை எப்படிச் சொல்வாய் தம்பி? ஜோஷ் ஆலனை எடுத்துக்கொள். 2018-இல் முதல் வருடம் வீசியதில் 52.8 சதவீதம்தான் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் 58.8. 2020-இல் 69.2. கை வலு முதல் நாளே இருந்தது. குறி பிறகு வந்தது. குறி என்பது உடம்பா, படிப்பா?

நான் · 9:35
நல்ல கேள்வி அக்கா. இரண்டும் சேர்ந்தது. கால் வைக்கும் விதத்தையும் கை வரும் விதத்தையும் மாற்றிப் பழகினார். அதோடு 2020-இல்தான் அவருடைய பஃபலோ அணிக்கு, பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸ் வந்தார்.

எடிசன் அக்கா · 9:36
அப்படியென்றால் அந்த 69-இல் எவ்வளவு ஆலனுடையது, எவ்வளவு டிக்ஸுடையது?

நான் · 9:38
பிரிக்க முடியாது. அதனால்தான் ஆட்டக் கணக்கைப் பார்த்து அப்படியே ரேட்டிங் ஏற்றக் கூடாது என்கிறேன். நல்ல ரிசீவர் பக்கத்தில் இருந்ததால் வந்த யார்டுக்கு, வீசியவன் கையில் 4 பாயிண்ட் ஏற்றிவிட்டால், ரிசீவர் வேறு அணிக்குப் போன பிறகும் அந்த 4 அவனிடமே இருக்கும்.

ஹூஸ்டன் அண்ணன் · 9:44
எல்லாம் சரி. நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து ஆடுவதே, நான் எடுத்த பையன் வளர்வதைப் பார்க்கத்தான். மூன்றாவது சுற்றில் எடுத்த லைன்பேக்கர் (தடுப்பாட்டக்காரன்) 71-இல் வந்தான். இன்று 92. அந்தச் சந்தோஷத்தை எடுத்துவிட்டால் நான் எதற்கு ஆட வேண்டும்?

நான் · 9:47
எடுக்கவில்லை அண்ணா. அவன் 71-இலிருந்து 86-க்கு வந்தாலே பெரிய வளர்ச்சி, மற்றவர்களும் 95-இல் நிற்காமல் இருந்தால். இன்று உங்கள் 92-ஐ என் 94 தள்ளிக்கொண்டு போகிறது. உங்கள் பையன் வளர்ந்ததே உங்களுக்குக் களத்தில் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு பேசுகிறேன்.

ஹூஸ்டன் அண்ணன் · 9:48
ம். அது உண்மை.

அத்தை · 9:52
நான் சொல்லலாமா? எனக்கு இந்த கேம் தெரியாது. முழங்கால் தெரியும். கிளினிக்கில் ஏசிஎல் என்கிற முழங்கால் இணைப்பு நார் கிழிந்து வரும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். நேராக ஓடும் வேகம் முதலில் திரும்பிவிடும். சட்டென்று பக்கவாட்டில் வெட்டித் திரும்பச் சொன்னால்தான் உடம்பு தயங்கும். சிலருக்கு அந்தத் தயக்கம் போக இன்னொரு வருடம் ஆகும். உங்கள் கேமில் அது உண்டா?

சின்னவன் · 9:53
அம்மா, ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் அதே ரேட்டிங்தான் எங்கள் லீக்கில்

டல்லாஸ் மாமா · 9:55
ரன்னிங் பேக் ஏட்ரியன் பீட்டர்சன் கதை உண்டே. 2011 டிசம்பர் 24 அன்று ஏசிஎல் கிழிந்தது. அடுத்த வருடம் 2,097 யார்டு. எரிக் டிக்கர்சனின் ஒரே சீசன் சாதனையான 2,105க்கு எட்டு யார்டுதான் குறை.

அத்தை · 9:57
அப்படியும் ஒருவர் இருப்பார். அவரை வைத்து எல்லாருக்கும் கணக்குப் போடக் கூடாது. ஒரே வயது, ஒரே அறுவை சிகிச்சை, ஒரே பயிற்சி கொடுத்தாலும் இரண்டு பேர் ஒரே மாதிரி எழுந்து வர மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லவும் முடியாது.

ஹூஸ்டன் அண்ணன் · 10:01
அத்தை சொல்வதற்கு எங்கள் ஊர் ஜே.ஜே. வாட் சாட்சி. 2012-லும் 2014-லும் தலா 20.5 சாக், அதாவது பந்தை வீசுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது. 2016-இல் முதுகு அறுவை சிகிச்சை, மூன்றே ஆட்டம். 2017-இல் கால் முறிந்து ஐந்தே ஆட்டம். முடிந்தது என்றார்கள். 2018-இல் 16 சாக் எடுத்தார். இறங்கினவன் ஏற மாட்டான் என்று கோடு போட்டு வைத்தால் அந்த 2018 நம் லீக்கில் வராது.

நான் · 10:08
இதற்கு எனக்குப் பிடித்த ஆட்டம் ஒன்று உண்டு. பெய்ட்டன் மானிங், சார்ல்ஸ் வுட்சன் இருவரும் 1998 டிராஃப்டில் ஒன்றாக வந்தவர்கள். மானிங் முதலாவது, வுட்சன் நாலாவது. 2015 அக்டோபரில் இருவருக்கும் 39 வயது. டென்வர் குவார்ட்டர்பேக் மானிங், ஓக்லண்ட் சேஃப்டி (ஆழத்தில் நிற்கும் தடுப்பாட்டக்காரர்) வுட்சன். அதுவரை மானிங் வீசிய பந்தை வுட்சன் ஒருமுறைகூடப் பறித்ததில்லை. அன்றைக்கு இரண்டு தடவை பறித்தார்.

நான் · 10:12
மானிங்குக்குப் புத்தி மங்கவில்லை. 2013-இல் 55 டச்டவுன் (எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) வீசிய அதே மூளைதான். கைதான் வரவில்லை. 2015-இல் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த வீச்சு). பந்து போய்ச் சேர ஒரு கண்ணிமை நேரம் கூடுதல். வுட்சனுக்குக் கார்னராக, அதாவது ஓரத்துத் தடுப்பாட்டக்காரராக, ரிசீவரோடு ஓடும் கால் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதனால் சேஃப்டிக்கு மாறினார், ஆழத்தில் நின்று படித்தார். அந்த வருடம் மொத்தம் ஐந்து இன்டர்செப்ஷன் எடுத்தார்.

நான் · 10:14
ஒரே வயது. ஒருவருக்கு உடம்பு இறங்கியதும் இடம் மாற வழி இருந்தது. மற்றவருக்கு மாற இடமே இல்லை. நம் லீக்கில் இரண்டு பேருக்கும் 39 வயது என்று ஒரே கழிவு போட்டிருப்போம். இல்லையென்றால் எக்ஸ்பி கொட்டி இருவரையும் 99 ஆக்கியிருப்போம்.

எடிசன் அக்கா · 10:16
ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டும் இப்படித்தான். ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் உள்பக்கம் வந்தார். 2015, 16, 17 மூன்று வருடமும் நூறு கேட்சுக்கு மேல். வயது 32, 33, 34.

டல்லாஸ் மாமா · 10:20
இன்னொன்று மாப்பிள்ளை. ஆடாதவனும் வளர்கிறான். டல்லாஸ் குவார்ட்டர்பேக் டோனி ரோமோவை 2003 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு மேல் ஓரத்தில் நின்றார். 2006 அக்டோபரில் ஆட்டத்தின் பாதியில், அதுவரை ஆடிய பிளெட்சோவை எடுத்துவிட்டு இறக்கினார்கள். அந்த வருடமே புரோ பௌல் என்கிற நட்சத்திர ஆட்டத்துக்குப் போனார். நம் லீக்கில் பெஞ்சில் இருப்பவன் மூன்று வருடம் கழித்தும் 64-இலேயே கிடக்கிறான்.

நான் · 10:23
சரி மாமா, அதையும் சேர்க்கிறேன். வருட முடிவில் பெஞ்சில் உள்ள இளம் ஆட்களின் அவேர்னெஸை நானே கையால் ஏற்றுகிறேன்.

அத்தை · 10:26
முன்கூட்டியே சொல்ல முடியாது என்றேனே, அதற்கு என்ன செய்வீர்கள்?

நான் · 10:27
அதுதான் தெரியவில்லை அத்தை. நான் கையால் போட்டால் ஓரவஞ்சனை என்று தோன்றும்.

அத்தை · 10:28
வீட்டில் உங்கள் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை இருக்கிறது. போடுங்கள்.

எடிசன் அக்கா · 10:29
அத்தை!!! அதேதான்.

நான் · 10:37
கேளுங்கள். எக்ஸ்பி அளவை எல்லா இடத்துக்கும் பாதியாகக் குறைக்கிறேன். எக்ஸ்பியைப் படிப்பு ரேட்டிங்கில் மட்டும் போட வேண்டும், ஸ்பீடில் யாரும் போடக் கூடாது. உடம்பு இறங்கும் வயது இடத்துக்கு இடம் வேறு. ரன்னிங் பேக்குக்கு 28, கார்னருக்கு 30, ரிசீவருக்கு 31. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளுக்கு 35 வரை தொட வேண்டாம். ஆண்ட்ரூ விட்வொர்த் 40 வயதில் அந்த இடத்தில் ஆடி சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் ஜெயித்தார். குவார்ட்டர்பேக்குக்கு 38. டாம் பிரேடி 44 வயதில் 5,316 யார்டு வீசினார் என்பது தெரியும், ஆனால் அவரை வைத்து எல்லாருக்கும் கணக்குப் போடக் கூடாது, அத்தை சொன்ன மாதிரி. எவ்வளவு இறங்கும் என்பதைத் தாயக்கட்டை சொல்லட்டும். தாயம் விழுந்தால் அந்த வருடம் ஒன்றும் இறங்காது. பன்னிரண்டு விழுந்தால் ஆறு என்று வைத்துக்கொள்வோம், பாவம். பெரிய காயத்துக்குப் பிறகு பாதி சீசன் வரை திசை மாறும் ரேட்டிங் குறைவாக இருக்கும்.

ஹூஸ்டன் அண்ணன் · 10:39
எனக்குச் சம்மதம். என் லைன்பேக்கரையும் இறக்கு, ஆனால் எல்லாரையும் சேர்த்து இறக்கு.

எடிசன் அக்கா · 10:39
சம்மதம்

டல்லாஸ் மாமா · 10:40
சம்மதம். மகனைக் கேள்.

நான் · 10:44
தம்பி?

சின்னவன் · 10:49
அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அண்ணா. முதல் சீசனில் நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அவன் ஓடியதால்தான்.

டல்லாஸ் மாமா · 10:51
எமிட் அரிசோனாவுக்குப் போனபோது எனக்கும் அப்படித்தான் இருந்ததுடா.

சின்னவன் · 10:53
சரி. ஆனால் தாயக்கட்டையை அம்மா போட வேண்டும். நான் பார்க்க வேண்டும்.

அத்தை · 10:54
இதோ எடுத்து வருகிறேன்.

(வீடியோ அழைப்பு, 6 நிமிடம்)

நான் · 11:03
மூன்று. ஸ்பீடு 96-இலிருந்து 93. பார்வை 88-இலிருந்து 91, அது நாலு சீசன் படிப்புக்கு. மாற்றிவிட்டேன்.

சின்னவன் · 11:06
93 போதும். இனிமேல் முப்பது தடவை கொடுக்க மாட்டேன். பதினெட்டு கொடுக்கிறேன். மீதிக்கு இந்த டிராஃப்டில் ஒரு சின்னப் பையனை எடுக்கப் போகிறேன், அவன் பெஞ்சில் இருந்து இவனிடம் கற்றுக்கொள்ளட்டும்.

நான் · 11:07
ஐந்தாவது சீசன் திறந்தாயிற்று. முதல் வாரம் ஞாயிறு மாலைக்குள் ஆடி முடியுங்கள்.

அத்தை · 11:08
நாளை காலை எட்டு மணிக்கு நீச்சல் வகுப்பு இருக்கிறது. படு.