மறு: ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’ – ‘நிகழ்கால முற்று’ சரிதானா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> ‘நிகழ்கால முற்று’ பல கையேடுகளில் பழகிவிட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

ஆங்கிலத்தின் ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’டுக்கு (‘ஐ ஹேவ் சீன்’ போன்ற வடிவத்துக்கு) அந்தத் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் குடியாத்தம் மாலை வகுப்பில் அதைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் ஒரு பெண் எழுந்து, “‘வருகிறான்’ மாதிரியா ஐயா?” என்று கேட்டுவிட்டாள். அவள் மீது பிழையில்லை. தமிழ்ப் பாடத்தில் ‘வருகிறான்’ நிகழ்கால வினைமுற்று என்றுதானே படித்தாள்? முற்று என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அதன் எதிரிணையான எச்சம்; ‘செயல் முடிந்தது’ என்பதன்று.

என் பரிந்துரை: ‘நிகழ்கால இருப்பு’.

‘பார்த்திருக்கிறேன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘பார்த்து’ இறந்தகாலம் காட்டுகிறது, ‘இருக்கிறேன்’ நிகழ்காலம். செயல் பழையது, கையில் நிற்பது இன்று. வேலூர் லாங்கு பஜாரில் ஒரு மளிகைக்காரரிடம் சரக்கு என்றைக்கு வந்தது என்று கேட்டால் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார். இருப்பு உண்டா என்று கேட்டால் மூட்டையைத் தொட்டுப் பார்ப்பார். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ ஏன் பிழை என்பதை இதைச் சொல்லித்தான் விளக்கினேன். இருப்பைச் சொல்லும் இடத்தில் வரவுத் தேதியை நுழைக்கிறோம். ‘ஹேட்’ வந்தால் அன்றைய இருப்பு, அதாவது ‘இறந்தகால இருப்பு’.

> ‘இரு’ மட்டும்தானா? ‘விடு’ எங்கே போயிற்று?

காட்பாடி நண்பரின் இந்தக் கேள்வி இரண்டு நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு வந்தவரிடம் செவிலியர் ‘ஹேவ் யூ ஈட்டன்?’ என்றால், அது ‘சாப்பிட்டுவிட்டீர்களா?’ ஆற்காட்டு மக்கன் பேடாவைப் பற்றி அப்படியே கேட்டால், ‘சாப்பிட்டிருக்கிறீர்களா?’, அதாவது வாழ்நாளில் ஒருமுறையாவது. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒரே வடிவம். போதாக்குறைக்கு, காலையில் ஈரத் தரையைப் பார்த்து ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்று நாம் ஊகிக்கிறோம். அங்கே ஆங்கிலம் ‘மஸ்ட் ஹேவ்’ போடும். ‘10 ஆண்டுகளாக வேலூரில் இருக்கிறேன்’ என்பதற்கோ ஆங்கிலம் ‘ஹேவ்’ கேட்கும், நாம் வெறும் நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆகவே ‘இருப்பு’ ஆங்கில வடிவத்துக்கு இட்ட பெயர் மட்டுமே. ‘ஹேவ்’ கண்ட இடமெல்லாம் ‘இருக்கிறேன்’ என்று மொழிபெயர்க்கச் சொல்லும் விதியன்று. நண்பர் இதற்கு ஒப்புவாரா தெரியவில்லை.

‘காலம்’ என்ற சொல்லையும் சிக்கனமாகச் செலவிடுவோம். இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று தொல்காப்பியம் மூன்றோடு நிறுத்தியது. சுவரெங்கும் ‘12 காலங்கள்’ என்று எழுதிப் பிள்ளைகளை மிரட்டுவானேன்? காலம் மூன்று, ஒவ்வொன்றிலும் நிலை நான்கு.

‘ஐ ஹேவ் பீன் வெய்ட்டிங்’ போன்ற ‘பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்’தான் இன்னும் மடங்கவில்லை. ‘தொடர் இருப்பு’ என்றால் உண்ணாவிரதப் பந்தல் நினைவுக்கு வருகிறது. நல்ல சொல் இருந்தால் ஞாயிறு வகுப்புக்கு முன் அனுப்புங்கள். பலகையில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.