உலர் கழிப்பறையின் அறையை முதல் தடவை திறந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

மணல்தோப்பு, உச்சிப்புளி பக்கம்

ரெண்டு அறை வைத்த உலர் கழிப்பறை. இங்கே பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோப்பில் எட்டடி தோண்டினாலே தண்ணீர். மேலே நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு. செப்டிக் டேங்க் கட்டினால் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும் என்று தரைக்கு மேலேயே அறைகளைக் கட்டினோம். சிறுநீர் முன்குழாய் வழியாகக் கேனுக்கு, மலம் நடுத்துளையில் அறைக்கு. கழுவுவது தனி இடம், அந்தத் தண்ணீர் கல்வாழைக்கு. போய்விட்டு வந்தால் ஒரு கொட்டாங்கச்சி அடுப்புச் சாம்பல். ஒரு அறை நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்தது.

சொல்ல வந்தது இது இல்லை.

முதல் அறையை மூடி பதினாலு மாசம். அன்றைக்குத் தேங்காய் வெட்ட வழக்கமாக வரும் அண்ணன் வந்திருந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து எங்கள் தோப்பில் ஏறுகிறவர். வெட்டி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, அப்படியே இந்த உரத்தையும் சாக்குல அள்ளிக் கொடுத்திருங்க, தனியா கூலி தர்றேன்" என்றேன். பின்பக்கப் பலகையை நான்தான் கழற்றினேன். உள்ளே கறுப்பு மண், பொலபொலவென்று. நாற்றம் துளிகூட இல்லை. ஒரு வெட்டு போட்டுத் தூக்கிப் பார்த்தார். "என்ன உரம் தம்பி, சருகா?" என்று கேட்டார். சொன்னேன்.

மண்வெட்டியை மெதுவாகத் தென்னையில் சாத்தினார். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, ஆனால் குனிந்து கையை மணலில் தேய்த்தார். கிளாஸில் பாதி டீ மிச்சம் இருந்தது, அதைக் கொட்டினார். "இதுக்கு நாங்கதான் கெடச்சமா தம்பி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வெட்டுக்கூலிகூட வாங்கவில்லை, மறுநாள் மகன் வந்து வாங்கிப் போனான்.

ஏழு சாக்கு. நானே அள்ளினேன். அள்ளும்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி படுத்தால் அந்த டீயைக் கொட்டியதுதான் வருகிறது.

பெரியபட்டினத்துக்காரி

எங்க வீட்ல சமையல் கழிவு மட்டும்தான், உங்க அளவுக்குத் தைரியம் இல்ல. நீல டிரம்ல துளை போட்டு மாடியில வச்சிருந்தேன். நோன்பு மாசம். கஞ்சி மிச்சம், மீன் ஆணம், எலும்பு எல்லாம் உள்ள. உம்மா யார்கிட்டயும் சொல்லாம ரெண்டு நாள் ஊறின மீன் செதிலையும் போட்டிருக்காங்க. பெருநாள் அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டு ஆளுக மாடிக்குக் காத்து வாங்க வந்தாங்க. ஒரு பொடியன் மூடியைத் திறந்துட்டான். புழு டிரம்ம விட்டு வெளிய வழிஞ்சு வந்துச்சு, சோறு பொங்கி வழியுமே அப்படி. என் சின்ன மாமி வாயில வட்டிலப்பம் இருந்துச்சு. மேல எழுதல.

டிரம் இப்பவும் இருக்கு. நார்த்தூசி ஒரு கை, கழிவு ஒரு கை, ஆணத்தை வடிச்சிட்டுத்தான் போடுறது. வாடை நின்னுடுச்சு. சின்ன மாமி இன்னும் மாடிக்கு வர்றதில்ல.

எருக்குழி

முதல் பதிவருக்கும் டிரம் சகோதரிக்கும் சில விஷயங்கள். நான் முசிறிக்குப் போய் இந்த மாதிரிக் கழிப்பறைகளைப் பார்த்துவிட்டு வந்தவன், திரும்பும் வழியில் ஒரு கேன் சிறுநீர் பஸ்ஸில் கவிழ்ந்தது, அது தனிக்கதை.

பதினாலு மாசம் என்பது பரவாயில்லை. நம்மூர் வெயிலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைக்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் சொல்கிறது. சாம்பலோ சுண்ணாம்போ போட்டுக் காரத்தன்மை (pH) 9க்கு மேல் நின்றால் ஆறு மாசத்துக்கு மேல் வைத்தாலே போதும் என்றும் அதில் உண்டு, ஆனால் அதை அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள். நாற்றம் போய்விட்டது, அதனால் கிருமியும் போய்விட்டது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. வயிற்றில் வளரும் நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணில் ரொம்ப நாள் உயிரோடு கிடக்கும். உலர் அறை சூடாகாது, காயத்தான் செய்யும். சந்தேகம் இருந்தால் அள்ளியதைச் சாணி, பச்சை இலை, சமையல் கழிவோடு குவித்துப் போடுங்கள். குவியலின் நடுவில் 55 டிகிரி சூடு சில நாள் நிற்க வேண்டும். கிளறி விட்டு, ஓரத்தில் கிடந்ததை நடுவுக்குத் தள்ளி மறுபடியும். வேப்பிலை போட்டால் போதும் என்பவர்களை விட்டுவிடுங்கள்.

கீரைக்கும் வெங்காயத்துக்கும் வேண்டாம். தென்னைக்குப் பாத்தி எடுத்துப் போட்டு மூடலாம். மிளகாய்க்குப் போடுகிறவர்கள் யோசியுங்கள், நம்மூரில் பழத்தை மண்ணில்தானே பரப்பிக் காயப்போடுகிறோம். சிறுநீரை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து விடலாம், ஆனால் அதிலும் உப்பு இருக்கிறது. ஏற்கெனவே உவர் நிலம். கோடையில் ஊற்றிக்கொண்டே இருந்தால் மேலே வெள்ளை பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை கழுவுகிற காலத்தில் விடுவதுதான் சரி.

சகோதரி, மீன் கழிவை டிரம்மில் போடவே கூடாது. சம எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால் மீன் அமிலம் என்கிற திரவ உரம், மூணு வாரத்தில் பழ வாசனை வரும்.

அப்பத்தா பேத்தி

எருக்குழி அண்ணாவுக்கு. நீங்க எழுதினதில நாக்குப்பூச்சிக்கு இடம் இருக்கு, அந்தத் தேங்காய் வெட்டுற மனுஷனுக்கு ஒரு வரி இல்ல. அவர் கேட்டது கிருமியைப் பத்தியா?

எங்க தாத்தாவும் அப்பத்தாவும் வாளியிலயும் தகரத்துலயும் அள்ளிச் சுமந்தவங்க. ஊர் வேண்டாம். ரெண்டு வருஷம் முந்தி இந்த மாதிரிக் கழிப்பறை பத்தின ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு அப்பத்தாவைக் கூட்டிட்டுப் போனேன், மதியச் சாப்பாடு உண்டுன்னாங்க. மேடையில ஒருத்தர் இந்த மண்ணை ஒரு கை அள்ளி மோந்து பார்த்துட்டு, கூட்டத்தைப் பார்த்துத் "தங்கம்"னார். எல்லாரும் கைதட்டினாங்க. அப்பத்தா என் காதுல, "நாங்க அள்ளையில ஒருத்தனும் கிட்ட வரலயேடி"ன்னுச்சு. அப்புறம் சாப்பாடு எப்பப் போடுவாங்கன்னு கேட்டுச்சு.

கையால மலம் அள்ளுறதை ஒழிக்க வந்த 2013 சட்டம், முழுசா மட்கறதுக்கு முந்தி மலத்தைக் கையால அள்ள யாரையும் வைக்கக் கூடாதுங்குது. மட்கிடுச்சான்னு யாரு சொல்றது? கட்டினவரா, அள்ளுறவரா? மணல்தோப்பு, உங்க உரம் மட்கித்தான் இருக்கும், நான் நம்புறேன். ஆனா வெட்டிப் பார்த்த பிறகுதானே அவர்கிட்ட சொன்னீங்க. அவரே கேட்கலன்னா சொல்லியே இருக்க மாட்டீங்க.

முண்டுக்காரன், முதுகுளத்தூர் ரோடு

வீட்டுக் கழிப்பறையே தேவலை. நான் ஒரு ஊர்க் குப்பைக் கிடங்கிலிருந்து மட்கு உரம் என்று ஒரு டிராக்டர் லோடு வாங்கி முண்டு மிளகாய்க்கு இறைத்தேன். முதல் மழை பெய்தது. விடிந்து போய்ப் பார்த்தால் வயல் முழுக்க மினுமினுப்பு. ஷாம்பு பாக்கெட், பால் கவர், உடைந்த வளையல், ஒரு ஊசி. மழை மண்ணை இறக்கிவிட்டுக் குப்பையை மேலே நிறுத்தியிருக்கிறது. களை எடுக்க வந்த பெண்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். செருப்பு வாங்கிக் கொடுத்துத்தான் இறக்கினேன். ராமநாதபுரம் முண்டுக்குப் புவிசார் குறியீடு 2023ல் கிடைத்தது, என் வயலுக்கு அந்த வருஷம் கிடைத்தது பொறுக்கிய பிளாஸ்டிக் நாலு சாக்கு.

எருக்குழி

பேத்தி, நீங்கள் சொல்வது சரி. ஆனால் கையுறை போட்டு, நீளக் காம்பு மண்வெட்டியால் அள்ளினால்

(எழுதி அழித்துவிட்டேன். சரி, விடுங்கள்.)

மணல்தோப்பு, உச்சிப்புளி பக்கம்

பேத்தி கேட்டதற்கு. ஆமாம், சொல்லியிருக்க மாட்டேன். பலகையைக் கழற்றும்போதே "சருகு உரம்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஓடியது.

அடுத்த அறை தை மாசம் திறக்க வேண்டும். நான்தான் அள்ளுவேன்.

அண்ணன் போன வாரம் வெட்டுக்கு வந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. டீயை வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்திருந்தார். கழிப்பறைக்குப் பின்னால் நாலு மரத்துக்கு அந்த உரம் போட்டிருந்தேன். அந்த நாலில் மட்டும் ஏறவில்லை. காய் முற்றி விழுந்துகொண்டிருக்கிறது.