80 பேருக்கு ஒரே ஒரு கழிப்பறை போதுமா? (வீட்டுத் தோட்டத்துக் கல்யாணம் பற்றிய சண்டை)

குழாய்க்காரர்:
போன வாரம் "வேலியோரம்" என்ற பெயரில் ஒருவர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. வீட்டுத் தோட்டத்தில் கல்யாணம் வைத்தால் டென்ஷனே கிடையாது, மணி பார்த்து விரட்ட ஆள் இல்லை, நாலு வரிசை நாற்காலியும் விளக்குச் சரமும் போதும் என்றார். அதுவரைக்கும் சரி. கடைசியில், "80 பேர் வந்தாலும் வீட்டுக் கழிப்பறை ஒன்றே தாராளம், எங்கள் கல்யாணமே சாட்சி" என்று முடித்திருந்தார். அதற்குப் பாராட்டு வேறு குவிந்திருக்கிறது.

22 வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறேன். இப்படிக் கல்யாணம் நடத்திய வீட்டிலிருந்து மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் வருவது எனக்குத்தான்.

கணக்கு இதோ. 80 பேர், ஐந்து மணி நேர விழா. ஆளுக்கு இரண்டு முறை என்றால் 160 முறை. ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள். 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். ஐந்து மணி நேர விழாவுக்குள் எட்டு மணி நேர வரிசையை எங்கே வைப்பீர்கள்?

வேலியோரம்:
என் பெயரைப் போட்டு எழுதியதால் பதில் சொல்கிறேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்தது 80 பேர். கழிப்பறை ஒன்று. யாரும் குறை சொல்லவில்லை. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அப்படி நிதானமாக உட்கார்ந்து பேசி நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றித்தான் எழுதினேன். நீங்கள் அதில் கழிப்பறையை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள்.

மூன்று நிமிடம் என்பதை யார் சொன்னது? ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. பாதிப் பேர் போகவே மாட்டார்கள்.

குழாய்க்காரர்:
விருந்துக்கு வந்தவர் முகத்துக்கு நேரே குறை சொல்வாரா? அடக்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடுவார். "எல்லாரும் எட்டு மணிக்கே போய்விட்டார்கள், எவ்வளவு அமைதி" என்று நீங்களே போன வாரம் எழுதியிருந்தீர்கள். ஏன் போனார்கள் என்று யோசித்தீர்களா?

ஒன்றரை நிமிடமாம். கல்யாணத்துக்கு உடுத்திய உடையோடு ஒரு பெண் உள்ளே போய், கொக்கி எல்லாம் அவிழ்த்து, திரும்ப மாட்டி, கை கழுவி, கண்ணாடி பார்த்து வெளியே வர ஒன்றரை நிமிடமா? கையில் குழந்தை இருந்தால்?

கணக்குப்பிள்ளை:
இருவருக்கும் ஒரு சின்னத் திருத்தம். வேலியோரம் சொல்வதுபோல 40 பேர் மட்டும், தலைக்கு ஒரு முறை, ஒன்றரை நிமிடம் என்று வைத்தால் ஒரு மணி நேரம்தான். ஆனால் ஆட்கள் சீராக வருவதில்லை. சடங்கு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அப்புறம் சாப்பாடு முடிந்ததும் மொத்தமாக எழுந்திருப்பார்கள். சாப்பிட்டு எழுந்ததும் 20 பேர் போனால், ஒன்றரை நிமிடக் கணக்கிலேயே கடைசி ஆள் ஏறக்குறைய அரை மணி நேரம் நிற்க வேண்டும். மூன்று நிமிடம் என்றால் ஒரு மணி நேரம்.

வேலியோரம்:
20 பேர் ஒரே நேரத்தில் எழுந்து போக இது என்ன பள்ளிக்கூட மணியா?

புதுமணப்பெண்:
வணக்கம். நான் இங்கே புதிது. எங்கள் கல்யாணம் இன்னும் ஏழு வாரத்தில், வீட்டுத் தோட்டத்தில்தான். 65 பேர். எனக்கு மழை பற்றித்தான் பயம். பந்தல் மட்டும் போதுமா, தரைக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்வீர்களா?

குழாய்க்காரர்:
65 பேரா? அம்மா, மழை இருக்கட்டும், வீட்டில் கழிப்பறை எத்தனை?

புதுமணப்பெண்:
ஒன்று. மாடியில் இன்னொன்று இருக்கிறது, ஆனால் அதில் தண்ணீர் மெதுவாகத்தான் வரும்.

குழாய்க்காரர்:
அந்த மாடிக் கழிப்பறையை நம்பாதீர்கள். தண்ணீர் மெதுவாக வந்தால் பிளஷ் டேங்க் நிறைய மூன்று, நான்கு நிமிடம் ஆகும். அது நிறைவதற்குள் அடுத்த ஆள் உள்ளே போய் அரைகுறையாகத் தண்ணீர் விடுவார். அரைத் தண்ணீர் கழிவைக் குழாய் வழியாகத் தள்ளாது, வளைவிலேயே விட்டுவிடும். பத்தாவது ஆள் போகும்போது அடைத்துக்கொள்ளும்.

செப்டிக் டேங்க் இருக்கிற வீடு என்றால் இன்னும் மோசம். அந்தத் தொட்டிக்குள் ஒரு பக்கம் எவ்வளவு தண்ணீர் நுழைகிறதோ, மறுபக்கம் அவ்வளவு வெளியேறும். நான்கு பேர் வீட்டில் கசடு அடியில் படிய நேரம் கிடைக்கும். ஒரே சாயங்காலத்தில் 65 பேர் என்றால் படிவதற்கு முன்பே கசடு, தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போய்விடும். ஒரு தடவை பிளஷ் செய்தால் ஆறு லிட்டர், பழைய டேங்க் என்றால் ஒன்பது லிட்டருக்கும் மேல். ஆறு லிட்டர் என்றே வைத்தாலும் ஆளுக்கு இரண்டு முறைக்கு 780 லிட்டர். மேலே தொட்டியில் எவ்வளவு நிற்கும்?

வாடகைக்கு நடமாடும் கழிப்பறை தருகிறவர்களின் பொதுவான கணக்கு, நாலைந்து மணி நேர நிகழ்ச்சியில் 50 பேருக்கு ஒன்று. உங்களுக்கு இரண்டு. வீட்டுக் கழிப்பறையை முதியவர்களுக்கும் உங்களுக்கும் மட்டும் வையுங்கள்.

வேலியோரம்:
பாருங்கள், மழை பற்றிக் கேட்ட பெண்ணைச் செப்டிக் டேங்கில் இறக்கிவிட்டார். இதைத்தான் டென்ஷன் என்கிறேன். தோட்டத்து நடுவில் பிளாஸ்டிக் பெட்டி இரண்டை நிறுத்திவிட்டு அதன் முன்னால் கல்யாணப் படம் எடுக்கச் சொல்கிறீர்களா?

குழாய்க்காரர்:
நடுவில் யார் நிறுத்தச் சொன்னது? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, சாப்பாட்டுப் பந்தலிலிருந்து தள்ளி, வேலியை ஒட்டி, வழியில் ஒரு விளக்கு போட்டு வைப்பது. வந்து போகும் வண்டிக்கு வழி விட வேண்டும். இதெல்லாம் செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

நிழல்மரம்:
புதுமணப்பெண், மழை கேள்விக்கு நான் சொல்கிறேன். பந்தலின் கால்களை மண்ணில் அடித்து இறுக்க வேண்டும், கல்தரை என்றால் பாரம் கட்ட வேண்டும். சும்மா நிறுத்திய பந்தல் காற்றில் பறக்கும். இடி இடித்தால் பந்தல் பாதுகாப்பு இல்லை. எல்லாரையும் வீட்டுக்குள் கூட்டிப் போங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியே விடாதீர்கள். அதனால் 65 பேர் உள்ளே நிற்க இடம் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். தரைக்கு: இரண்டு நாள் முன்பே தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். ஈரப் புல்லில் குதிகால் செருப்பு இறங்கிவிடும். நடைபாதைக்குப் பலகை போடுங்கள்.

குழாய்க்காரர்:
65 பேரும் வீட்டுக்குள் போனால் எத்தனை கழிப்பறை? ஒன்று. அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

தமிழாசான்:
விவாதத்துக்குள் நுழைய விருப்பமில்லை. ஆனால் நிம்மதியான கல்யாணம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். விருந்தாளிக்கு நிம்மதியா, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்குமா, பெற்றோருக்கா? அது தெரியாமல் எத்தனை என்று பேசிப் பயனில்லை.

இன்னொன்று, போன வாரப் பதிவின் தொடக்கத்தில் வேலியோரம் "கழிவறை" என்று எழுதியிருந்தார். கழிவு கிடக்கும் அறை அல்ல அது, கழிக்கும் அறை. கழிப்பறை என்பதே பொருத்தம்.

வேலியோரம்:
ஐயா, இரண்டு சொல்லும் புழக்கத்தில் இருக்கின்றன. செய்தித்தாளிலேயே கழிவறை என்று வருகிறது.

தமிழாசான்:
செய்தித்தாளில் வந்தால் சரியாகிவிடுமா? நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவரே இப்படிச் சொன்னால் மற்றவர்களை என்ன சொல்வது?

மூன்றாம் வீடு:
எல்லாரும் கழிப்பறையிலேயே நிற்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒருவன் இருக்கிறான். எனக்கு இரண்டு வீடு தள்ளிப் போன மாதம் ஒரு தோட்டக் கல்யாணம். ஸ்பீக்கரை வேலிப் பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள். இரவு ஒரு மணிக்கும் என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஆறு டெசிபல்தான் குறையும். உங்கள் காதுக்கு அளவாக இருப்பது எங்கள் வீட்டில் குழந்தையை எழுப்பும். ஒரு வார்த்தை முன்னால் வந்து சொன்னார்களா? கிடையாது. வேலியோரம் எழுதியதில் பக்கத்து வீடு என்ற சொல்லே இல்லை.

வேலியோரம்:
எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரையும் அழைத்திருந்தோம். 80 பேரில் அவர்களும் உண்டு.

குழாய்க்காரர்:
அப்படியா! அப்படியென்றால் அவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய் வந்திருப்பார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. எத்தனை பேர் பக்கத்து வீட்டுக்காரர்கள்?

வேலியோரம்:
அது எதற்கு?

குழாய்க்காரர்:
எத்தனை பேர்?

வேலியோரம்:
இருபது, இருபத்தைந்து இருக்கும். அதனால் என்ன?

குழாய்க்காரர்:
அதனால் உங்கள் ஒரு கழிப்பறைக்கு 55, 60 பேர்தான். அதோடு தெருவில் இன்னும் நாலைந்து கழிப்பறை உங்களுக்கு உதவியிருக்கிறது. அதை மறைத்து "80 பேருக்கு ஒன்று போதும்" என்று எழுதி, நம்பி வருகிற ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தீர்கள்.

வேலியோரம்:
மறைத்தேன் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். தண்ணீர்த் தொட்டி பற்றிய பழைய விவாதத்தில் நான் உங்கள் கணக்கில் தப்பு காட்டினேன். அன்றிலிருந்து நான் எது எழுதினாலும் வந்து நிற்கிறீர்கள்.

குழாய்க்காரர்:
தொட்டிக் கணக்கில் தப்பு உங்களுடையது. குழாயின் உள் விட்டத்துக்கும் வெளி விட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசினீர்கள். "புத்தகம் படிக்காதவர்களிடம் பேசிப் பயனில்லை" என்று எழுதிவிட்டுப் போனீர்கள். நான் மறக்கவில்லை.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், தோட்டத்தில்தான். பெண்ணின் பாட்டி வரிசையில் ஏழாவது ஆளாகச் சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலி கொண்டுவந்து போட்டேன். உட்கார மாட்டேன் என்றார். உட்கார்ந்தால் வரிசையில் இடம் போய்விடுமாம். அவருக்கு முன்னால் கல்யாணப் பெண், பாவாடை தரையில் படாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. உள்ளே போன ஒரு பையன் தாழ்ப்பாளை எடுக்கத் தெரியாமல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். வெளியே வாழ்த்துச் சொல்ல மைக்கில் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டிலும் யாரும் குறை சொல்லவில்லை, வேலியோரம்.

நிழல்மரம்:
இதைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. ஆனால் அது திட்டமிடாத வீடு. எல்லாத் தோட்டக் கல்யாணமும் அப்படி இல்லை. முதல் நாளே பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் போதும். பெண்ணின் கையில் அன்றைக்குப் போனே இருக்கக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, ஜன்னல் பக்கம் புகை போகாமல் வைக்க வேண்டும். சாப்பாட்டை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கடும் வெயில் என்றால் ஒரு மணி நேரம்.

குழாய்க்காரர்:
கெட்ட சாப்பாடு சாப்பிட்டால் எங்கே ஓடுவார்கள்? ஒரே ஒரு கழிப்பறைக்கு.

மூன்றாம் வீடு:
சத்தத்தைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புதுமணப்பெண்:
எல்லாருக்கும் நன்றி. இரண்டு நடமாடும் கழிப்பறைக்குச் சொல்லலாம் என்று வீட்டில் பேசினோம். அம்மாதான், மரியாதையாக இருக்காது என்கிறார்.

வேலியோரம்:
உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. 65 பேர்தானே. ஒன்று போதும்.

குழாய்க்காரர்:
அந்த 65-ல் சமைக்கிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், பாட்டுக்காரர்கள், படம் எடுப்பவர்கள் சேர்த்தியா? அவர்களும் மனிதர்கள்தான். காலையிலிருந்து இரவு வரைக்கும் அங்கேயே நிற்பார்கள். அம்மாவிடம் அதைச் சொல்லுங்கள்.

வேலியோரம்:
அவர்களையும் சேர்த்தாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

குழாய்க்காரர்:
மூன்று நிமிடம்.

தமிழாசான்:
நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.