மாயாற்றுப் பெரிய மீன்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரர்:
தெங்குமரஹாடாவுக்குப் பரிசலில் போனபோது பார்த்தேன். மழை விட்டுக் கலங்கல் தெளிந்திருந்த நேரம். நடு ஆற்றில், பரிசலை ஒட்டி ஒரு கருத்த முதுகு எழும்பியது. முதலை என்று எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்க, பரிசல் ஆட்டம் கண்டுவிட்டது. துடுப்புப் போட்டவர் மட்டும் அசையவில்லை. "முதலைக்கு ஏதுங்க செவத்த வாலு? மீனுங்க அது" என்றார். அப்புறம்தான் நானும் வாலைக் கவனித்தேன், நல்ல ஆரஞ்சு. செதில் ஒன்றே இரண்டு விரல் அகலம் இருக்கும். நீளம் ஆறடிக்குக் குறையாது.

மசினகுடி வாசி:
ஆறடியா! எங்கள் ஊர் டீக்கடையில் அந்த மீன் வாராவாரம் வளர்கிறது. தெப்பக்காடு பாலத்தடியில் நான் பார்த்ததெல்லாம் முழங்கை நீளம்கூட இல்லை.

கூடலூர்க்காரன்:
நீளத்தை விடுங்கள், மேலிருந்து பார்த்துச் சொல்லும் அளவை நானும் நம்புவதில்லை. வால் நிறத்தைச் சொன்னீர்களே, அதுதான் விஷயம். ஆரஞ்சு வாலும், முதுகில் திமிலும் இருந்தால் அது திமில் மஹ்சீர். காவிரிப் படுகையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. மாயாறு பவானியோடு சேர்ந்து காவிரிக்குப் போவதால் நமக்கும் பங்கு வந்தது. கெண்டை ஜாதிதான். தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கும். நண்டு, நத்தையை ஓட்டோடு அங்கேதான் நொறுக்கும். 1946-ல் கபினியில் தூண்டிலில் சிக்கிய மஹ்சீர் 54 கிலோ. அதனால் டீக்கடைக் கணக்கையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது!

காவிரிக்கே போய்ச் சேரும் கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007-ல் விவரிக்கப்பட்ட 'டார் ரெமாதேவி' இனமும் இதுவும் ஒன்றே என்று உறுதியானது 2018-ல்தான். அதே வருடம் மிக அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. வெடி போடுவது, அணை, மணல் அள்ளுவது எல்லாம் உண்டு. எனக்கு வயிற்றெரிச்சல் வேறு: மஹ்சீரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, வெளியிலிருந்து நீலத் துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளை 1970-களிலிருந்து காவிரியில் விட்டார்கள். அது பெருகியது, இது குறைந்தது. திமிலைப் பார்த்தீர்களா?

கோத்தகிரிக்காரர்:
திமிலா? பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் சார்.

குன்னூர் நண்பர்:
அவலாஞ்சிப் பக்கம் சொல்கிற பெரிய மீனும் இதுதானா?

கூடலூர்க்காரன்:
இல்லை, அது டிரவுட். வெள்ளைக்காரர்கள் குளிர்ந்த ஓடைகளுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. 1907-ல் அங்கே பொரிப்பகமே கட்டினார்கள். உடம்பெல்லாம் கரும்புள்ளி, செதில் பொடிப்பொடியாக இருக்கும். பார்த்தாலே தெரிந்துவிடும்.