அம்மா வீட்டு வாசல் மூடி

குழு: குன்னூர் வீடு 🏠

சனிக்கிழமை

வசந்தி, காலை 6:48
(படம்)
எல்லாரும் இதப் பாருங்க. ராத்திரி பெஞ்ச மழைக்கு கேட்டுக்குள்ள ஒரு சாண் தண்ணி. வண்டி நிறுத்தற இடம் பூரா குளம். தரை ஜாலி (ஓட்டைத் தகடு) வழியா இறங்கி, அடியில இருக்கற சேம்பர் தொட்டிக்குப் போகணும், போகாம நிக்குது.

கோத்தகிரி சித்தி, 6:50
(படம்: பெருமாள்)
புரட்டாசி கடைசி சனிக்கிழமை வாழ்த்துகள் 🙏

தினேஷ், 7:05
சேம்பர் மூடியத் திறந்து பாத்தீங்களா அக்கா?

வசந்தி, 7:06
அது திறந்தா நான் ஏன் இங்க வந்து பொலம்பறேன்? கடப்பாரை நுனி போகவே சந்து இல்ல. சித்திரைல பேவர் பிளாக் போட்டப்ப மூடுனது, அப்புறம் யாரும் தொடல.

அம்மா, 7:11
(குரல் பதிவு 3:42)

குமார் அண்ணன், 7:20
மூடியக் கிட்டத்துல ஒரு படம் போடு.

வசந்தி, 7:24
(படம்)

குமார் அண்ணன், 7:26
சுத்தி வெள்ளையா இருக்கே, சிமெண்ட் பால் ஊத்தித் தேச்சிருக்கானா? பேவர் பிளாக் சந்துல மணல் போட்டுக் கூட்டி விடறதோட சரி. பாலை யார் ஊத்தச் சொன்னா?

வசந்தி, 7:27
"ஒரு புல்லு முளைக்காதுங்க்கா"ன்னு சொல்லி ஊத்துனாரு.

குமார் அண்ணன், 7:27
புல்லும் முளைக்கல, மூடியும் திறக்கல.

தினேஷ், 7:31
கிரைண்டர் வச்சு சுத்தி அறுத்துடலாமே. பத்து நிமிஷ வேலை. இல்லன்னா பெரிய சம்மட்டி வாங்கி நாலு போடு போட்டா தானா அசையும்.

குமார் அண்ணன், 7:33
தம்பி, நான் தினமும் பவுண்டரில வார்ப்பிரும்போட மல்லுக்கட்டறவன். கம்பி மாதிரி அது வளையாது, பானை மாதிரி உடையும். நடுவுல சம்மட்டி போட்டா மூடி ரெண்டாகி உள்ள விழும். அப்புறம் தண்ணிக்குள்ள அதத் தேடணும். கிரைண்டர் பொறியும் வேண்டாம், உள்ள என்ன வாயு கட்டிக் கெடக்குன்னு யாருக்குத் தெரியும்.

தினேஷ், 7:34
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருவங்காடு மாமா, 8:15
இப்பத்தான் பாத்தேன். வசந்தி, மொதல்ல ஒண்ணு சொல்லு கண்ணு. அந்த சேம்பருக்கு மழைத்தண்ணி மட்டுந்தானா, பாத்ரூம் தண்ணியும் சேருதா?

வசந்தி, 8:19
துணி தொவைக்கிற கல்லுத் தண்ணியும் மழைத்தண்ணியும் மட்டுந்தான் மாமா. கக்கூஸ் லைன் பின்னாடி தனித் தொட்டிக்குப் போகுது.

அருவங்காடு மாமா, 8:30
நல்லது. இருந்தாலும் திறந்த உடனே யாரும் தலைய உள்ள விடக்கூடாது. இப்ப மூடிய விட அவசரம் ஒண்ணு இருக்கு. கீழ் வீட்டுப் பக்கம் நம்ம தடுப்புச் சுவத்துல அஞ்சு பைப் ஓட்டை விட்டிருக்கும். அதுல தண்ணி சொட்டுதான்னு போய்ப் பாரு.

வசந்தி, 8:52
ரெண்டுல சொட்டுது. மூணு காஞ்சு கெடக்கு, பாசியும் மண்ணும் அடைச்சிருக்கு.

அருவங்காடு மாமா, 8:58
ஒரு கம்பி விட்டுக் குத்தி விடு. வாசல்ல நிக்கற தண்ணி அங்கயே நிக்காது. பால் ஊத்துனதும் எல்லா இடத்துலயுமா அடைச்சிருக்கும்? சுவத்தோரம் வெடிப்பு விட்டிருக்கும், அது வழியா இறங்கி சுவத்துக்குப் பின்னால மண்ண ஊற வைக்கும். ஊறுன மண்ணு என்ன கனம் கனக்கும்னு நெனைக்கற? சுவத்தத் தள்ளறது அந்தக் கனந்தான். 2009 நவம்பர்ல கேத்திப் பக்கம் மண்ணு சரிஞ்சது ஞாபகம் இருக்கா? மலை ரயில் மாசக்கணக்குல ஓடல. அதப் பாத்துட்டுத்தான் உங்க அப்பா அடுத்த வருஷமே இந்த சேம்பரக் கட்டுனாரு. கூடலூருக்கு ஆடி மழைன்னா நமக்கு ஐப்பசி மழைதான் பெருசு. இன்னும் ஒரு வாரம் இருக்கு.

வசந்தி, 9:40
குத்திட்டேன் மாமா. ஒரு ஓட்டைல இருந்து சேறு பீச்சி அடிச்சு நைட்டி பூரா செவப்பு 😑

அருவங்காடு மாமா, 9:44
அதான் வேணும். இனி மூடி. ஒடஞ்ச ஆக்ஸா பிளேடுல துணி சுத்திப் பிடிச்சுக்கிட்டு மூடிக்கும் பிரேமுக்கும் நடுவுல அந்த வெள்ளையச் சுரண்டு. அடிக்காதே, சுரண்டு. நாலு பக்கமும் கோடு தெரியற வரைக்கும். அப்புறம் தூக்கற ஓட்டை ரெண்டு இருக்கும், அதுலயும் சிமெண்ட் போயிருக்கும். சின்ன உளி வச்சு மெதுவா எடு.

வசந்தி, மதியம் 12:35
மூணு மணி நேரம் ஆச்சு. கோடு தெரியுது. ஒரு ஓட்டை வந்துருச்சு, இன்னொண்ணுல ஒரு கல்லு மாட்டிட்டு வர மாட்டேங்குது. கை விரல் மரத்துப் போச்சு.

கோத்தகிரி சித்தி, 12:40
ஏம்மா, அந்த வேலை செஞ்ச ஆளையே கூப்பிட்டுக் கேக்கலாமில்ல?

வசந்தி, 12:41
நாலு தடவ அடிச்சேன் சித்தி. ரிங் போகுது, எடுக்கல.

அம்மா, 12:50
(குரல் பதிவு 0:14)

வசந்தி, 12:52
மாமா, சந்துல நல்லெண்ணெய் ஊத்தலாமான்னு அம்மா கேக்கறாங்க. தேங்காய் எண்ணெயும் இருக்காம்.

அருவங்காடு மாமா, 12:58
அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லு. தேங்காய் எண்ணெய் நம்ம ஊர்க் குளிர்ல பாட்டில்லயே கட்டியா நிக்குது, சந்துக்குள்ள எங்க இறங்கும்? நல்லெண்ணெய் நாளடைவுல பிசினாட்டம் ஒட்டிக்கும். ஹார்டுவேர் கடைல டபிள்யூ டி 40 ஸ்ப்ரே கேளு. மொதல்ல நிக்கற தண்ணிய வாரி விட்டு, கோட்டைத் துணில ஒத்தி எடு. அப்புறம் சுத்தி அடிச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவ. ராத்திரி மேல தார்ப்பாய் போட்டு மூடிரு. துரு விடறதுக்கு நேரம் வேணும், நம்ம அவசரம் அதுக்குத் தெரியாது.

தினேஷ், 1:10
டவுன்ல ஆள் யாரையாச்சும் கூப்பிட்டு உள்ள இறக்கி விட்டா ஒரேடியா சுத்தம் பண்ணிருவாங்களே?

அருவங்காடு மாமா, 1:13
மூடி திறக்கறதுக்கே வழியக் காணோம், அதுக்குள்ள ஆள இறக்கறியா? ரெண்டரை அடி ஆழம், மேல நின்னே கொக்கி போட்டு எடுக்கலாம். சாக்கடைலயும் கழிவுத் தொட்டிலயும் ஆள இறக்கி வேலை வாங்கக்கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. அப்படி எத்தனை பேர் செத்திருக்காங்க. நம்ம வீட்டு வேலைக்கு ஒருத்தரும் இறங்க வேண்டாம்.

தினேஷ், 1:14
சரிங்க மாமா.

ஞாயிற்றுக்கிழமை

குமார் அண்ணன், காலை 7:30
கோயமுத்தூர்ல இருந்து கெளம்பிட்டேன். 12 எம்எம் மரை போட்ட ராடு ரெண்டு, நட்டு, வாஷர் எடுத்துட்டு வர்றேன். ராடு அடியில ஓட்டைல நொழைச்சுத் திருப்புனா மாட்டிக்கற மாதிரி குறுக்குத் துண்டு வெல்டு பண்ணியாச்சு. வீட்டுல பழைய ஜிஐ பைப் நீளமா இருக்கா?

வசந்தி, 7:33
கொடி கட்டற பைப் இருக்கு. ராத்திரி இன்னொரு தடவ ஸ்ப்ரே அடிச்சுட்டேன். ரெண்டாவது ஓட்டைக் கல்லும் காலைல வந்துருச்சு.

குமார் அண்ணன், 7:34
சூப்பர். கொடி பைப் வளைஞ்சுரும், மாடிப்படி கைப்பிடிக்கு வாங்குன மிச்சத்த எடுத்து வை. மலைப்பாதைல ஏறும்போது சிக்னல் இருக்காது, வந்து பேசறேன்.

கோத்தகிரி சித்தி, 9:15
சாப்பாட்டுக்கு என்ன வசந்தி? நான் அவரை உசிலி பண்ணிக் கொண்டு வர்றேன்.

வசந்தி, 11:20
நேரலையாச் சொல்றேன், எல்லாரும் கேளுங்க. மூடிக்கு ரெண்டு பக்கமும் பலகை போட்டு, அது மேல ரெண்டு ரெண்டு செங்கல். பலகை இல்லன்னா பேவர் அமுங்கிருமாம். செங்கல் மேல பைப். ராடு ரெண்டும் ஓட்டைல மாட்டியாச்சு, பைப் மேல தகடு வச்சு நட்டு. அண்ணன் இந்தப் பக்கம் அரைச் சுத்து, அந்தப் பக்கம் அரைச் சுத்து முறுக்கறாரு.

அருவங்காடு மாமா, 11:22
முறுக்கிட்டு நிறுத்து. மரக்கட்டைய ஓரத்துல வச்சு அதுமேல சின்னச் சுத்தியல்ல தட்டு. சத்தத்தக் கவனி.

வசந்தி, 11:31
மொதல்ல டொக் டொக்னு மண்ணுத்தரையத் தட்டுன மாதிரி இருந்துச்சு மாமா. இப்ப மேக்குப் பக்கம் மட்டும் கணீர்னு கேக்குது.

அருவங்காடு மாமா, 11:32
அந்தப் பக்கம் விட்டுருச்சு. கிழக்கு மூலைலதான் பிடிச்சிருக்கு. அங்க வெந்நீர் ஊத்து, இன்னும் அரைச் சுத்து. கை நட்டுல இருக்கும்போது காலு மூடி மேல இருக்கக்கூடாது.

வசந்தி, 11:47
வந்துருச்ச்ச்சு!!!!!! "டப்"னு ஒரு சத்தம், அம்மா சாமி ரூம்ல இருந்து ஓடி வந்துட்டாங்க.

தினேஷ், 11:47
🔥🔥🔥

குமார் அண்ணன், 11:55
மூடி முப்பது கிலோவாச்சும் இருக்கும். தூக்கல, ஒரு பக்கம் நிமித்தி ரெண்டு குழாய்த் துண்டு மேல உருட்டித் தள்ளிட்டோம். அரை மணி நேரம் திறந்து வச்சிருக்கோம். பக்கத்து வீட்டு நாயக் கட்டச் சொல்லியாச்சு.

வசந்தி, மதியம் 12:40
(படம்)
வெளிம்பு வரைக்கும் தண்ணி. மேல பூரா சில்வர் ஓக் இலை, ஈயத்தாள் மாதிரி மின்னுது. எட்டு பக்கெட் அள்ளிட்டோம். வெளிய போற பைப்பு வாய் இன்னும் தெரியல.

வசந்தி, 12:58
அண்ணன் கொக்கி விட்டுத் துழாவறாரு. என்னவோ மெத்துன்னு மாட்டுதாம். இழுத்தா வருது, விட்டா திரும்பிப் போகுது.

வசந்தி, 1:06
(வீடியோ 0:38)
சிமெண்ட் சாக்கு!!! சுருட்டி பைப்புக்குள்ள திணிச்சு வச்சிருக்கு. வெளிய வந்ததும் கொடகொடன்னு சத்தம், ஒரு நிமிஷத்துல சேம்பர் காலி. கீழ ஓடைல தண்ணி விழற சத்தம் இங்க கேக்குது.

குமார் அண்ணன், 1:10
வேலை நடக்கறப்ப ஜல்லியும் மணலும் பைப்புல போகக்கூடாதுன்னு அடைச்சிருக்கான். முடிஞ்சதும் எடுக்கணும். எடுக்காம மூடி, அதுமேல பாலும் ஊத்திட்டுப் போயிட்டான்.

கோத்தகிரி சித்தி, 1:12
அடப்பாவி. ஆறு மாசமா இதுக்குள்ளயா இருந்துச்சு!

அருவங்காடு மாமா, 1:20
பிரேம் உக்கார்ற இடத்துல துருவயும் சிமெண்டையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தமாத் தேய்ச்சுட்டு, கிரீஸ கெட்டியா அப்பு. மூடி ஓரத்துலயும் அப்பு. தூக்கற ஓட்டைல கிரீஸ் தடவுன துணிய அடைச்சு வை, மண்ணு எறங்காது. சந்துல யாரையும் சிமெண்ட் வைக்க விடாதே. வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஆனி பொறக்கும்போதும் புரட்டாசி முடியும்போதும், ஒரு தடவ தூக்கி வச்சுரு.

வசந்தி, 2:45
கிரீஸ் வச்சு மூடியாச்சு. அண்ணன் ராடு ரெண்டையும் கொட்டகைல ஆணி அடிச்சு மாட்டிட்டாரு. சாப்பிட உக்காந்துட்டோம்.

தினேஷ், 3:05
அக்கா, சும்மா இருந்தேன்னு இப்பத்தான் நேத்து பெரியம்மா போட்ட மொத வாய்ஸக் கேட்டேன். 3:42. யாராச்சும் முழுசாக் கேட்டீங்களா?

வசந்தி, 3:06
நான் பாதியோட விட்டேன். வேலை நடந்தப்ப டீக்குப் பால் எவ்ளோ ஆச்சுன்னு சொல்லிட்டு இருந்தாங்க.

தினேஷ், 3:07
கடைசி இருபது செகண்டு கேளுங்க. "அந்தக் கொத்தனார் போறப்ப பைப்புல சாக்கு வச்சிருக்கேன், நாளைக்கு வந்து எடுக்கறேன்னு சொன்னாரு, வந்தாரான்னு தெரியல, அதப் பாருங்க"ன்னு இருக்கு.

குமார் அண்ணன், 3:08
😶

அருவங்காடு மாமா, 3:10
அக்கா எப்பவுமே விஷயத்தக் கடைசிலதான் சொல்லும்.

அம்மா, 3:15
(குரல் பதிவு 0:09)

வசந்தி, 3:16
இத முழுசாக் கேட்டுட்டேன். அந்தச் சாக்கத் தூக்கிப் போட வேண்டாமாம், அலசிக் காய வைக்கணுமாம். வெறகு கட்ட ஆகுமாம்.