ஆட்சி பெருவுக்கு, பட்டா ஈக்வடாருக்கு: 1998 உடன்படிக்கை நிலைத்தது எப்படி?

கேள்வி:
வணக்கம். பெருவும் ஈக்வடாரும் எல்லைக்காக 1941, 1981, 1995 ஆகிய ஆண்டுகளில் மோதின. 1942-இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் முடியாததை, 1998 அக்டோபர் 26 அன்று பிரேசிலியாவில் கையெழுத்தான உடன்படிக்கை எவ்வாறு சாதித்தது? தோற்றது யார் என்ற கேள்வியை இரு நாட்டு மக்களும் எப்படிக் கடந்தார்கள்?

மறுமொழி 1:
முந்தைய ஒப்பந்தத்தின் குறையிலிருந்து தொடங்க வேண்டும். சமோரா, சாந்தியாகோ ஆறுகளைப் பிரிக்கும் மலைமுகடே எல்லை என்று அது கூறியது. பின்னர் விமானத்திலிருந்து நிலப்படம் எடுத்தபோது, அவ்விரண்டுக்கும் நடுவே செனெப்பா ஆறு நீண்டு ஓடுவது தெரியவந்தது. அங்கே ஒரே முகடு என்று எதுவும் இல்லை. காண்டோர் மலைத்தொடரில் சுமார் 78 கிலோமீட்டர் எல்லைக்கல் நடப்படாமலே நின்றது. 1960-இல் ஈக்வடார் அதிபர் வெலாஸ்கோ இபார்ரா அந்த ஒப்பந்தமே செல்லாது என்று அறிவித்தார். என் கருத்தில் வரைபடப் பிழையைவிட ஆழமான காரணம் வேறு: பெருவின் படை ஈக்வடாரின் எல் ஓரோ மாகாணத்தில் நின்றிருந்த வேளையில் இடப்பட்ட கையெழுத்து அது.

மறுமொழி 2:
மேலே நண்பர் கூறியது சரியே. 1998-இல் வழிமுறையே மாறியது. 1942 ஒப்பந்தத்துக்கு உத்தரவாதம் அளித்திருந்த அர்ஜென்டினா, பிரேசில், சிலி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளிடம் தீர்வைக் கேட்பதற்கு முன்பாகவே, அவை எதைச் சொன்னாலும் ஏற்போம் என்று இரு நாடாளுமன்றங்களும் ஒப்புக்கொண்டன. எல்லை காண்டோர் முகடுகளின் வழியே, பெரும்பாலும் பெரு கேட்டபடியே அமைந்தது. ஆனால் ஈக்வடார் வீரர்கள் போரிட்டு மடிந்த திவின்சாவில் ஒரு சதுர கிலோமீட்டர் நிலம் ஈக்வடாருக்குத் தனிச்சொத்தாக வழங்கப்பட்டது. நம் வழக்கில் சொன்னால், பட்டா ஈக்வடாரின் பெயரில் இருக்க, ஆட்சி பெருவிடம் இருக்கிறது. நிலவுடைமையும் இறையாண்மையும் ஒன்றே என்ற பிடிவாதத்தை விட்டதால்தான், ஈக்வடார் அதிபர் மவாத் வெறுங்கையோடு நாடு திரும்ப வேண்டியிருக்கவில்லை. அமேசானிலும் அதன் துணையாறுகளிலும் கப்பல் செலுத்தும் உரிமையும் ஈக்வடாருக்குக் கிடைத்தது.

மறுமொழி 3:
இவ்வளவு எளிதாக நடந்ததென்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த நதியுரிமையை எதிர்த்துப் பெருவின் இக்கிட்டோஸ் நகரில் கலவரமே மூண்டது. பேச்சுவார்த்தைக்கு அவகாசம் கிடைத்ததும், 1995-இல் நான்கு நாடுகளின் பார்வையாளர்கள் காட்டுக்குள் சென்று இரு படைகளையும் விலக்கி நிறுத்திய பிறகுதான். முகட்டின் இருபுறமும் இயற்கைக் காப்பிடங்கள் அமைக்க உடன்பட்டது நல்ல முடிவே. ஆயினும் அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஷுவார், அவஹுன் மக்கள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். கையெழுத்தான பின்பும் கண்ணிவெடிகள் புதைந்து கிடந்தது அவர்கள் நடக்கும் காட்டில்தான்.